பாட்டிகளின் பேச்சை நிரலாக்கம் செய்ய முடியுமா?

"நேர்காணல் தரவுகள் முதலில் நிரலாக்கம் செய்யப்பட்டன. பின்னர் அவற்றிலிருந்து நான்கு கருப்பொருள்கள் வெளிப்பட்டன."

ஆய்வேடுகளுக்குப் பிழை திருத்தித் தருவது என் பிழைப்பு. இந்த இரண்டு வாக்கியங்களை ஏட்டுக்கு ஏடு படித்துப் படித்து எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. போன மாதம் வந்தது சமூகப்பணி படிக்கும் ஒரு பெண்ணின் ஏடு. சர்க்கரை நோய் உள்ள முதிய பெண்கள் மாத்திரையை ஏன் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்பது ஆய்வு. பேட்டிகள் அருமையாக இருந்தன. மூன்றாம் இயலில் மேற்படி வாக்கியங்கள் வந்ததும் போனை எடுத்தேன்.

"என்னம்மா, பாட்டிங்க பேசினதை எதுல நிரலாக்கம் செஞ்சே? பைத்தானா, ஜாவாவா?"

"சார், கோடிங்னா நிரலாக்கம்தானே? போன்ல போட்டாலும் அப்படித்தான் வருது."

நிரலாக்கம் என்பது கணினிக்கு நிரல் எழுதுவது. ஆய்வில் கோடிங் என்பது பேட்டியைப் படித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஓரத்தில் ஒரு பெயர் எழுதிவைப்பது. ஆனால் அவள் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? அவளுக்கு முன்னால் எழுதியவர்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

கோட் என்ற சொல்லின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் அதற்கு அடிமரம், மரக்கட்டை என்று பொருள். மெழுகு பூசிய மரப்பலகைகளைச் சேர்த்துக் கட்டியதால் அது ஏட்டைக் குறித்தது. ஏட்டில் சட்டம் எழுதியதால் சட்டத்தொகுப்பைக் குறித்தது. தந்தி வந்த காலத்தில் சங்கேதம் ஆனது. கணினி வந்ததும் நிரல் ஆனது. சமூக ஆய்வுக்குள் அது நுழைந்தது வேறு வழியில். கருத்துக்கணிப்பில் மக்கள் வாய்விட்டுச் சொன்ன பதில்களுக்கு எண் கொடுத்து, துளையட்டையில், அதாவது எந்திரம் படிப்பதற்காக ஓட்டை போட்ட அட்டையில், ஏற்றுவார்கள். அந்த எண் கொடுக்கும் வேலைக்குத்தான் கோடிங் என்று பெயர். 1967இல் பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் இருவரும் இதைத் தலைகீழாக்கினார்கள். சான் பிரான்சிஸ்கோ பகுதி மருத்துவமனைகளில், சாகக்கிடப்பவர்களைச் சுற்றி என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் அவர்கள். கையில் பட்டியலை வைத்துக்கொண்டு எண் போடாதே, தரவை நுணுக்கமாகப் படி, அதில் என்ன நடக்கிறதோ அதற்கு ஒரு பெயர் வை என்றார்கள். வேலை முழுக்க மாறிவிட்டது. பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெண்ணின் ஏட்டில் இருந்ததைப் போல ஒரு பேச்சை நானே எழுதிப் பார்க்கிறேன்:

"ராத்திரி மாத்திரைக்குப் பையன் போன் பண்ணி ஞாபகப்படுத்துவான். அவன் பண்ணலைன்னா நானும் விட்டுடுவேன். ஆஸ்பத்திரிக்குன்னா மருமக லீவு போடணும், அதான் போறதில்ல."

இந்த மூன்று வரிக்கு ஓரத்தில் பென்சிலால் என்ன எழுதுவீர்கள்? "நினைவூட்டலுக்குக் காத்திருத்தல்" என்று ஒன்று. "பிறருக்குச் சிரமம் தராமை" என்று ஒன்று. "நானும் விட்டுடுவேன்" என்பதை அந்தப் பாட்டியின் வாய்ச்சொல்லாகவே எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதற்கும் இந்த முறையில் இடம் உண்டு. அந்த "நானும்" இருக்கிறதே, அதில்தான் சங்கதியே இருக்கிறது. மறந்துபோனவள் "நானும்" போடமாட்டாள்.

இந்த வேலையில் நிரல் எங்கே வந்தது? நிரல் என்றால் வரிசை. கணினிக்கு இடும் கட்டளைகளின் வரிசை. இங்கே யாரும் யாருக்கும் கட்டளை இடவில்லை. "குறியாக்கம்" என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் பக்கத்தில் வருகிறார்கள். ஆனால் அது ஒன்றைப் பிறர் படிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றுவதற்கு, வங்கிக் கடவுச்சொல் சமாச்சாரங்களுக்கு, ஏற்கெனவே புழங்குகிறது. நாம் செய்வது நேர் எதிரான வேலை. "குறியீடு" கவிதைக்காரர்களின் சொத்து. புறாவை வரைந்தால் சமாதானம் என்பார்களே, அது.

துவைக்கப் போட்ட துணியின் ஓரத்தில் முன்பெல்லாம் சேராங்கொட்டைச் சாற்றால் ஒரு புள்ளியோ கோடோ போட்டிருக்கும். நூறு வீட்டுத் துணி கலந்து கிடந்தாலும் எது எந்த வீட்டுடையது என்று அது சொல்லிவிடும். துணி துணியாகவே இருக்கும். அதற்குப் பெயர் குறி போடுவது. ஆகவே கோடிங் என்பது குறியிடல். வினையாகச் சொன்னால் குறியிட்டேன், குறியிட்டார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

கோட் என்ற பெயர்ச்சொல்லுக்கு "குறி" என்று மட்டும் சொல்லலாம்தான். ஆனால் வகுப்பில் "உங்கள் குறிகளைக் காட்டுங்கள்" என்று ஓர் ஆசிரியர் சொன்னால் அன்றைக்குப் பாடம் நடந்த மாதிரிதான். கோடாங்கி குறி சொல்வதும் நினைவுக்கு வரும். வலைப்பதிவு எழுதியவர்கள் பதிவுக்குக் கீழே போடும் ஒட்டுக்குக் "குறிச்சொல்" என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். குறிச்சொற்களைத் தொகுத்து விளக்கம் எழுதிய பட்டியல், குறிச்சொல் ஏடு.

இனி, என் உண்மையான சண்டைக்கு வருகிறேன். குறிச்சொற்களைச் சேர்த்துப் பார்த்து ஆய்வாளர் உருவாக்கும் பொதுவான சங்கதியை ஆங்கிலத்தில் தீம் என்பார்கள். அந்தத் தீம் என்பதற்குக் "கருப்பொருள்" என்று எழுதுகிறார்கள்.

கருப்பொருள் அழகான சொல். அதனாலேயே யாரும் சந்தேகப்படுவதில்லை. பொங்கல் விழாப் போட்டியிலிருந்து பன்னாட்டு மாநாடு வரை எல்லாம் ஏதோ ஒரு கருப்பொருளில்தான் நடக்கின்றன. ஆனால் அந்தச் சொல்லை நமக்குக் கொடுத்த இலக்கணத்தில் அதற்கு என்ன பொருள்? தொல்காப்பியத்தின் அகத்திணையியல் பட்டியலே போடுகிறது:

"தெய்வம் உணாவே மாமரம் புட்பறை
செய்தி யாழின் பகுதியொடு தொகைஇ
அவ்வகை பிறவும் கருவென மொழிப."

தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். அதாவது ஒரு நிலத்தில் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு எண்ணக்கூடியவை. குறிஞ்சியில் முருகன், தினை, வேங்கை, மயில். இவையா தீம்? இவை தரவு ஐயா, தரவு! அந்தப் பாட்டியின் உலகில் கருப்பொருள் என்றால் மாத்திரை அட்டை, மகனின் போன், மருமகளின் லீவு. இவற்றுக்கு ஊடாக நடக்கும் மனச் சங்கதிக்குத் தொல்காப்பியர் வைத்த பெயர் உரிப்பொருள்: புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். பாட்டி போனுக்குக் காத்திருப்பது இருத்தல்; வராததால் மாத்திரையைத் தொடாமல் படுப்பது, என்னைக் கேட்டால், ஊடல். ஆக, பழைய சொல்லைத் தூசு தட்டி எடுத்தவர்கள், பக்கத்தில் கிடந்த சரியானதை விட்டுவிட்டுத் தவறானதை எடுத்து வந்திருக்கிறார்கள்.

பொருள் காலப்போக்கில் மாறும், அதற்கென்ன என்பீர்கள். மாறட்டும். என் குறை இலக்கணத்தோடு நிற்கவில்லை. சொல் வேலையையே கெடுக்கிறது. "கருப்பொருள்" என்று கேட்டதும் மாணவர் மனத்தில் தலைப்பு என்று பதிகிறது. உடனே "கருப்பொருள் 1: மருந்து, கருப்பொருள் 2: குடும்பம், கருப்பொருள் 3: மருத்துவமனை" என்று பெட்டி பெட்டியாக அடுக்கிவிடுகிறார்கள். பாட்டி சொன்ன மூன்று வரியும் மூன்று பெட்டிக்குப் பிரிந்து போகிறது. அவள் சொன்னது காணாமல் போகிறது. 2006இல் விர்ஜினியா பிரவுன், விக்டோரியா கிளார்க் என்ற உளவியலாளர்கள் இருவரும், தரவில் தீம்களைத் தேடும் இந்தப் பகுப்பாய்வுக்கு ஆறு கட்டங்கள் வகுத்துக் கொடுத்தார்கள். உளவியல்காரர்கள் பலர் இன்றைக்கும் அந்த வழியில்தான் நடக்கிறார்கள். பிரவுனும் கிளார்க்குமே பின்னாளில் எழுதியதில் அடிக்கடி வரும் புகார், தலைப்பைத் தொகுத்து வைத்துவிட்டுத் தீம் என்கிறார்கள் என்பது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் இதே குழியில் விழுகிறார்கள் என்று தெரிகிறது. ஆனால் நாம் குழிக்குப் பக்கத்தில் வழிகாட்டிப் பலகை நட்டு வைத்திருக்கிறோம்.

மாற்றாக என்னென்ன சொல்கிறார்கள்? இலங்கையில் "தொனிப்பொருள்" என்கிறார்கள். கருப்பொருளைவிட எவ்வளவோ மேல். குறிப்பால் உணர்த்தப்படுவது என்ற வாசனை அதில் இருக்கிறது. ஆனால் அங்கேயும் அது விழாப் பதாகையில் ஏறிவிட்டது. "உரிப்பொருள்" என்று நானே சில காலம் எழுதினேன். படித்தவர்கள் தலைவன் தலைவியைத் தேட ஆரம்பித்தார்கள். தவிர, அங்கே ஐந்து என்று முன்கூட்டியே எண்ணி வைத்திருக்கிறது. இங்கே எத்தனை கிடைக்கும் என்று முன்னால் தெரியாது. நண்பர் ஒருவர் "திணை, துறை இரண்டும் இருக்கும்போது உங்களுக்கு என்ன பஞ்சம்?" என்றார். நியாயம்தான். "யாதும் ஊரே" பாட்டின் அடியில் திணை பொதுவியல், துறை பொருண்மொழிக்காஞ்சி என்று குறித்துவைத்தவர்தான் நம்முடைய முதல் குறியிடலாளர். ஆனால் "என் ஆய்வில் ஐந்து துறைகள் கிடைத்தன" என்று எழுதினால் அமைச்சரவை விரிவாக்கம் மாதிரி இருக்கிறது. "சரடு" என்றும் யோசித்தேன். சரடு விடுகிறான் என்று சொல்லிவிடுவார்கள் என்பதால் அதையும் விட்டேன்.

என் சொல் "இழை". "அவள் பேச்சில் ஒரு பயம் இழையோடியது" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம் இல்லையா, அந்த இழை. பெட்டி ஓர் இடத்தில் இருக்கும். இழை பல இடங்களுக்கு ஊடாக ஓடும். ஒரு பேட்டியில் மாத்திரை, இன்னொன்றில் சாப்பாடு, வேறொன்றில் கண் ஆபரேஷன்; மூன்றிலும் ஓடுவது "யாராவது கேட்டால்தான் என் உடம்பு எனக்கு ஒரு பொருட்டு" என்ற ஒன்று. அதுதான் இழை. பகுப்பாய்வின் பெயர் இழைப் பகுப்பாய்வு. "இழை 2: மருத்துவமனை" என்று எழுத ஒரு தமிழ்க் கைக்கு வராது, எழுதினாலும் கண்ணை உறுத்தும். அந்த உறுத்தலுக்காகவே இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு லாபமும் உண்டு. மூன்றாவது பிழை, "வெளிப்பட்டன". தீம்கள் தாமாகவே தரவிலிருந்து எழுந்து வந்ததாக எழுதுவதைப் பிரவுனும் கிளார்க்கும் ஆரம்பத்திலிருந்தே மறுக்கிறார்கள். கருப்பொருள் என்றால் கரு தானாக வளர்ந்து வெளியே வந்த மாதிரி வாக்கியம் நன்றாகவே உட்காரும். இழை தானாக வராது. நன்னூலின் பாயிரம் நூல் எழுதுவதைப் பஞ்சு நூற்பதற்கு ஒப்பிடுகிறது: சொல் பஞ்சு, பனுவல் இழை, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, அறிவு கதிர். பஞ்சுக்குள் இழை சுருண்டு உட்கார்ந்திருக்கவில்லை. யாரோ முறுக்கி இழுக்க வேண்டும். நூற்பவர் மாறினால் இழையின் பருமனும் மாறும்.

இவ்வளவும் சொன்ன பிறகு மொழிபெயர்ப்பாளர்களைத் திட்டாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. எண்களை விட்டு, பேச்சை வைத்துச் செய்யும் பண்புசார் ஆய்வை, ஆங்கிலத்தில் குவாலிட்டேட்டிவ் என்பதை, "தரமான ஆய்வு" என்று எழுதுகிறார்கள். அப்படியானால் எண்களை வைத்துச் செய்வது மட்டமான ஆய்வா? கிளேசரும் ஸ்ட்ராஸும் சொன்ன, தரவில் வேரூன்றி எழும் கோட்பாட்டை, ஆங்கிலத்தில் கிரவுண்டட் தியரி என்பதை, "அடிப்படைக் கோட்பாடு" என்கிறார்கள். அது ஏதோ முதலாம் ஆண்டுப் பாடம் போலத் தொனிக்கிறது. சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு, அந்தச் சொல் குறிக்கும் வேலையை ஒரு நாள்கூடச் செய்து பார்க்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். பத்துப் பக்கப் பேட்டியை ஓரத்தில் பென்சில் வைத்துப் படித்த எவருக்கும் நிரலாக்கம் என்ற சொல் வாயில் வராது.

அந்தப் பெண் திருத்தி அனுப்பினாள். நிரலாக்கம் போய்விட்டது, இழை வந்துவிட்டது. "மூன்று இழைகள் வெளிப்பட்டன" என்று இருந்தது. "யார் நூற்றது?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினேன். மறுநாள் போன். "சார், அது சரி. சாச்சுரேஷனுக்கு என்ன போடறது? செறிவூட்டல்னு போட்டிருக்கேன்." யுரேனியத்துக்கும் ரேஷன் அரிசிக்கும் செய்வதைப் பாட்டிகளுக்குச் செய்ய வேண்டாம் என்றேன். அடுத்தடுத்த பேட்டிகளில் புதிதாக ஒன்றும் கிடைக்காத நிலை என்று விரித்தே எழுதச் சொல்லியிருக்கிறேன், இப்போதைக்கு.