கிளாம்பாக்கத்தைக் காட்டி விற்கப்படும் மனைகள்: முன்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

சென்னைக்குத் தெற்கே, வண்டலூரிலிருந்து மறைமலை நகர் வரை ஜிஎஸ்டி சாலையில் நிற்கும் மனை விளம்பரத் தட்டிகளில் மூன்று பெயர்கள் தவறாமல் வருகின்றன: கிளாம்பாக்கம் பேருந்து முனையம், மெட்ரோ, வெளிவட்டச் சாலை. மூன்றும் உண்மையான திட்டங்கள்தான். ஆனால் திட்டம் வந்துவிட்டால் சுற்றியுள்ள எல்லா நிலமும் ஒரே மாதிரி விலையேறும் என்ற கணக்கில் வீட்டுக் கடன் வாங்குபவர்கள்தான் பின்னால் அதிகம் சிரமப்படுகிறார்கள். ஒரே ஊரில், ஒரே வருடத்தில் வாங்கிய இரண்டு மனைகளில் ஒன்று எளிதாகக் கைமாறுகிறது. இன்னொன்றுக்கு ஆளே வருவதில்லை. முனையம் இரண்டுக்கும் ஒரே தூரத்தில்தான் இருக்கிறது. மனைக்குப் போகும் வழி, மழைநீர் ஓடும் திசை, பத்திரத்தின் தரம் ஆகிய மூன்றில்தான் வேறுபாடு.

முதலில் காலக் கணக்கு. வண்டலூர் பகுதியில் புதிய புறநகர்ப் பேருந்து நிலையம் வரும் என்ற அறிவிப்பு 2013இல் வந்தது. 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 88 ஏக்கரில் கட்டிய முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. பத்து ஆண்டுகள். அப்போதும் அருகில் ரயில் நிலையம் இல்லை. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே நிலையம் கட்டும் வேலையும், ஜிஎஸ்டி சாலையைக் கடக்கும் நடைமேம்பாலமும் முனையம் திறந்த பிறகுதான் வேகம் பிடித்தன. கோயம்பேட்டிலும் இப்படித்தான் நடந்தது. அங்கே பேருந்து நிலையம் 2002இல் வந்தது, மெட்ரோ ரயில் ஓடியது 2015இல். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரையிலான சுமார் 15.5 கிலோமீட்டர் மெட்ரோ நீட்டிப்பை வைத்து இன்று விலை சொல்பவரிடம் இந்தக் கால இடைவெளியை நினைவில் வைத்துப் பேசுங்கள். விலை அறிவிப்பன்றே ஏறிவிடும். வசதி வருவது பத்து, பன்னிரண்டு வருடம் கழித்து. இடைப்பட்ட காலத்தின் வட்டி முழுக்க வாங்கியவர் தலையில்.

அந்த வட்டியைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, 800 சதுர அடி மனை, சதுர அடி 4,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மனை விலை 36 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்து 3.24 லட்சம். மொத்தம் 39.24 லட்சம். ஆண்டுக்கு 9 சதவீதம் வட்டி என்று எடுத்தால், ஐந்து ஆண்டு முடிவில் இந்தத் தொகை ஏறத்தாழ 60.4 லட்சம் ஆகும். அதாவது, சதுர அடி 7,550 ரூபாய்க்கு விற்றால்தான் கைமுதல் திரும்பும். தரகு, வரி எல்லாம் அதற்கு மேல். காலி மனைக்கு வாடகையும் வராது. "அஞ்சு வருஷத்துல டபுள்" என்ற பேச்சு பலித்தாலும் லாபம் எவ்வளவு மெல்லியது என்பது இப்போது தெரியும். பலிக்காவிட்டால் நஷ்டம்தான்.

வாடகையை நம்பி அடுக்குமாடி வீடு வாங்குபவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். பேருந்து முனையம் கடைக்காரருக்கும் விடுதி நடத்துபவருக்கும் வருமானம் தரும். வீட்டுக்கு வாடகைதாரரைக் கொண்டுவருவது வேலையிடமும் கல்லூரியும்தான். இந்த வழித்தடத்தில் வாடகை வருவது தாம்பரம் மெப்ஸ் (ஏற்றுமதி வளாகம்), மகேந்திரா வேர்ல்டு சிட்டி, மறைமலை நகர்த் தொழிற்சாலைகள், பொத்தேரியை ஒட்டிய எஸ்ஆர்எம் பல்கலைக்கழகம், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாகப் போகும் ஐடி நிறுவனங்கள் ஆகியவற்றால். மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. ஒரே ஆலையை நம்பி வீடு கட்டி வாடகைக்கு விடுவதன் ஆபத்து அதில் தெரிந்தது. 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 15,000 ரூபாய் வாடகை வந்தால் ஆண்டுக்கு 3 சதவீதம். அதிலிருந்து பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி, ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் ஒன்றிரண்டு மாதம் எல்லாம் கழியும்.

அடுக்குமாடியில் காலப்போக்கில் மதிப்பேறுவது நிலம். கட்டடம் தேயும். அதனால் பிரிபடாத பங்கு (மொத்த நிலத்தில் உங்கள் வீட்டுக்கு உரிய பங்கு) எத்தனை சதுர அடி என்று விற்பனை ஒப்பந்தத்தில் எண்ணாக எழுதியிருக்க வேண்டும். தளப்பரப்பு குறியீடு (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 உள்ள சாதாரண உயரக் கட்டடத்தில் 1,000 சதுர அடி வீட்டுக்கு 450 முதல் 500 சதுர அடி வரை பங்கு கிடைப்பது இயல்பு. குறியீடு 3.25 உள்ள உயர்மாடியில் அது 300 சதுர அடிக்குப் பக்கம் வந்துவிடும். இரண்டையும் ஒரே சதுர அடி விலைக்கு விற்றாலும் அவை ஒரே பொருள் அல்ல.

வழி என்பது வரைபடத்தில் தெரியும் தூரம் அல்ல. ஜிஎஸ்டி சாலைக்கு மேற்கே தண்டவாளம் கூடவே போகிறது. மண்ணிவாக்கம், ஆதனூர் பக்கம் மனை பார்ப்பவர், தண்டவாளத்தைத் தாண்டுவது மேம்பாலத்திலா, சுரங்கப்பாதையிலா, கேட்டிலா என்று முதலில் கேட்க வேண்டும். கேட் என்றால் காலை எட்டரை மணிக்கு ஒருமுறை, மாலை ஆறரைக்கு ஒருமுறை நீங்களே வண்டியில் போய்ப் பாருங்கள். விற்பவர் காட்டும் "பத்து நிமிடம்" பெரும்பாலும் ஞாயிறு காலை நிமிடம். சாலையின் அகலத்தில் இன்னொரு பணக் கணக்கும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, கட்டணம் செலுத்தி வாங்கும் கூடுதல் தளப்பரப்பு 18 மீட்டருக்கு மேற்பட்ட சாலையில் 50 சதவீதம், 12 முதல் 18 மீட்டரில் 40, 9 முதல் 12 மீட்டரில் 30 சதவீதம் வரை கிடைக்கும். பிற்காலத்தில் ஒரு கட்டுமான நிறுவனம் உங்கள் மனைக்கு என்ன விலை கொடுக்கும் என்பதை இந்த அகலம்தான் தீர்மானிக்கும். ஆக்கிரமிப்பு, முன்தள்ளிய படிக்கட்டு எல்லாம் போக மிஞ்சும் அகலத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். அடையாற்றின் தலைப்பகுதி இந்த வட்டாரம். ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகளின் உபரி நீர் வரதராஜபுரம், முடிச்சூர் வழியாகத்தான் இறங்குகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களைப் படகில் மீட்டார்கள். கிளாம்பாக்கம் முனையத்துக்கு முன்னாலேயே ஜிஎஸ்டி சாலையில் மழைநீர் தேங்கி, அதற்காகத் தனியாகப் பெரிய வடிகால் கட்ட வேண்டியிருந்தது. அரசு கட்டிய முனையத்துக்கே இந்த நிலை என்றால், உள்ளே நாலு தெரு தள்ளி இருக்கும் மனைப்பிரிவுக்கு வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

இதற்கு இலவசமாகக் கிடைக்கும் இரண்டு ஆவணங்கள் போதும். ஒன்று 'அ' பதிவேடு (நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த் துறைப் பதிவு), மற்றொன்று புலப்படம் (புல எண்ணின் அளவு வரைபடம்). அரசின் இ-சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் இரண்டும் வரும். 'அ' பதிவேட்டில் நிலம் நஞ்சை என்று இருந்து, பாசன ஆதாரமாக ஏரி காட்டப்பட்டிருந்தால், அது ஏரிக்கரைக்குக் கீழே இருந்த ஆயக்கட்டு நிலம். ஏரி நிரம்பிக் கலங்கல் (உபரி நீர் வெளியேறும் இடம்) வழியும்போது தண்ணீர் வரும் இடம் அதுதான். மேலே கிராவல் கொட்டி மனை போட்டாலும் தண்ணீர் தன் வழியை மாற்றிக்கொள்ளாது. புலப்படத்தில் ஓடையும் வாய்க்காலும் தனிக் கோடாகத் தெரியும். அந்தப் படத்தையும் லே-அவுட் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வாய்க்கால் போகும் இடத்தில் லே-அவுட்டில் "20 அடி சாலை" என்று இருந்தாலோ, வாய்க்கால் மனை எண்ணுக்குள் மறைந்திருந்தாலோ, பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

நேரில் போகும்போது மனையைப் பார்ப்பதற்கு முன் பக்கத்து வீடுகளைப் பாருங்கள். மின் மீட்டர் பெட்டியும் மோட்டார் ஸ்டார்ட்டரும் தரையிலிருந்து எத்தனை அடி மேலே மாட்டப்பட்டிருக்கின்றன? சுற்றுச்சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? பழைய வீட்டு வாசல் சாலைக்குக் கீழே இறங்கியும், புது வீட்டுக்கு ஏழெட்டுப் படியும் இருந்தால், அந்தத் தெருவில் அக்டோபர், நவம்பர் எப்படிப் போகும் என்று யாரிடமும் கேட்கவே வேண்டாம். பள்ளமான மனையை மேடாக்கும் செலவையும் விலையில் சேர்க்க வேண்டும். 1,200 சதுர அடியை 3 அடி உயர்த்த 3,600 கன அடி மண் தேவை. 100 கன அடி ஒரு யூனிட் என்பதால் 36 யூனிட். தண்ணீர் விட்டு அமுக்கும்போது குறைவதையும் சேர்த்தால் 43 முதல் 45 யூனிட் ஆகும். இப்படி நிரப்பிய மண்ணில் சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவர் கீறும். அஸ்திவாரம் பழைய கெட்டித் தரைக்குக் கீழே இறங்க வேண்டும். அதற்கு மண் பரிசோதனை அவசியம்.

இனிப் பத்திரம். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி இன்றும் விற்கிறார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. இடம் எந்த எல்லையில் வருகிறது என்பதைப் பொறுத்து சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் துண்டறிக்கையில் பார்த்து நிறைவடையாதீர்கள். அனுமதி வரைபடத்தின் நகலை வாங்கி, உங்கள் மனை எண் அதில் அதே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான அனுமதியற்ற மனைப்பிரிவுகளுக்கு 2017இல் வரன்முறைத் திட்டம் (முறைப்படுத்தும் திட்டம்) வந்தது. அதில் மனைப்பிரிவுக்குக் கொடுத்த ஆணை வேறு, தனி மனைக்கான வரன்முறை ஆணை வேறு. இரண்டாவது இல்லாமல் வீடு கட்ட அனுமதி வாங்கும்போது சிக்கும்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவும், எட்டு வீட்டுக்கு மேற்பட்ட அடுக்குமாடியும் ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இல்லாமல் விற்பனைக்கு வரவே கூடாது. பெரிய இடத்தைப் பல துண்டுகளாக, ஒவ்வொன்றும் 500 சதுர மீட்டருக்குள் வருமாறு உடைத்து விற்பதும் நடக்கிறது. உங்கள் துண்டுக்கும் பக்கத்துத் துண்டுக்கும் தாய்ப்பத்திரம் (மூலப் பத்திரம்) ஒன்றே என்றால் எச்சரிக்கை.

பலர் விட்டுவிடும் ஒன்று, சாலைக்கான தானப்பத்திரம். மனைப்பிரிவின் சாலைகளும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிப் பதிவாகியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டால் சாலை இன்னும் பழைய உரிமையாளர் பட்டாவிலேயே நிற்கும். அவருடைய வாரிசு வந்து வேலி போட்டால் வழக்குத்தான். உங்கள் மனைக்கு மட்டும் வில்லங்கச் சான்று போடாமல், சாலை வரும் உட்பிரிவு எண்ணுக்கும் போட்டுப் பாருங்கள். தானப்பத்திர எண் அதில் தெரிய வேண்டும்.

செங்கல்பட்டு வட்டாரத்துக்கே உரிய இன்னொரு விஷயமும் உண்டு. இங்கே பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் பல இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. அறிவிக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் அனுமதி வேண்டும். பார்ப்பதற்குக் கல் வட்டம் கிடக்கும் வெறும் பொட்டல் போலத்தான் இருக்கும். வில்லங்கச் சான்றில் இது வராது. புல எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் தெரியும்.

நிலப் பயன்பாட்டையும் அதே புல எண்ணில் பார்த்துவிடுங்கள். வேளாண்மைப் பகுதி என்று இருக்கும் நிலத்தைக் காட்டி "அடுத்த மாஸ்டர் பிளான்ல குடியிருப்பா மாறிடும்" என்று சொன்னால், இன்று வேளாண் நில விலையைத் தாண்டிக் கொடுக்காதீர்கள்.

சிறு தொகையை டோக்கனாகக் கொடுத்தாலும், எந்த ஆவணம் சரியில்லாவிட்டால் எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மனை விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1 சதவீதம் வரியைப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. தவறினால் அபராதமும் வாங்குபவருக்கே. கிரயம் முடிந்ததும் உட்பிரிவுப் பட்டா தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். நில அளவர் வரும் நாளில் நேரில் நின்று நான்கு மூலைக் கல்லையும் பார்த்து, புதிய உட்பிரிவு எண்ணில் வரும் புலப்பட அளவும் கிரயப் பத்திரத்தின் நான்கெல்லை அளவும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். வித்தியாசம் இருந்தால், விற்றவர் தொடர்பில் இருக்கும்போதே பிழைத்திருத்தப் பத்திரம் போட்டுவிட வேண்டும். ஐந்து வருடம் கழித்து அவரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.