வாடைக்காலப் புயலும் பாக் நீரிணையின் வண்டலும்

புயல் கரையைக் கடந்த மறுநாள் பாம்பனில் ஓடும் நீரை ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து மேசைமேல் வைப்பது என் வழக்கம். முதல் பத்து விநாடிக்குள் மணல் அடியில் உட்கார்ந்துவிடும். பொடி வண்டல் படியக் கால் மணி நேரம் ஆகும். சன்னமான களியோ மறுநாள் காலையிலும் முழுமையாகத் தெளியாமல், மெல்லிய சாம்பல் திரைபோல் நீரில் தங்கியிருக்கும். கடற்கரை வண்டலை ஆய்வு செய்யும் என் பணியில் விலையுயர்ந்த கருவிகள் பல உண்டு. ஆயினும் நீரிணையில் புயல் என்ன செய்கிறது என்பதைப் புரியவைக்க இந்த ஜாடியைவிடச் சிறந்த ஒன்றை நான் கண்டதில்லை.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே, நீரிணையை ஒட்டி விரியும் பாக் விரிகுடா மிகவும் ஆழம் குறைந்த கடல். அதன் சராசரி ஆழம் ஏறத்தாழ 9 மீட்டர்தான். அலை தன் நீளத்தில், அதாவது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரத்தில், பாதியளவு ஆழம் வரையில்தான் நீரை அசைக்கும் என்பது அடிப்படை விதி. அமைதியான நாளில் மூன்று விநாடிக்கு ஒருமுறை வரும் சிற்றலையின் நீளம் சுமார் 14 மீட்டர். ஆகவே அதன் வலு 7 மீட்டர் ஆழத்துடன் தீர்ந்துபோகிறது, விரிகுடாவின் நடுப்பகுதியில் அடித்தளம் அசைவதில்லை. புயற்காற்றில் அலைகளுக்கு இடையிலான நேரம் ஐந்து விநாடியாக நீண்டால் போதும், அலை கிட்டத்தட்ட 20 மீட்டர் ஆழம் வரை எட்டும் வலுப் பெறுகிறது. அதாவது, பல மாதங்கள் அடியில் உறங்கிக் கிடந்த வண்டல் ஓரிரு இரவுகளில் விரிகுடா முழுவதும் ஒரேயடியாகக் கிளம்புகிறது.

கிளம்பியது எங்கே போகிறது என்பதைக் காற்றும் நீரோட்டமும் முடிவு செய்கின்றன. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று வங்கக் கடலின் நீரைக் கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் இடையே உள்ளே தள்ள, அது பாம்பன் கால்வாய் வழியாகவும், அரிச்சல்முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் நீளும் மணல் தீடைகளின் இடைவெளிகள் வழியாகவும் மன்னார் வளைகுடாவுக்குள் வடிகிறது. விநாடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் நீர் ஓடுவதாகக் கொள்வோம். 9 மீட்டர் உயரத்திலிருந்து மெல்லிய மணல் விழ எட்டு நிமிடம்கூட ஆகாது. அதற்குள் அது நூற்றைம்பது மீட்டரைத் தாண்டாது. பொடி வண்டலுக்கு எட்டு மணி நேரம் ஆகும். அதற்குள் அது எட்டொன்பது கிலோமீட்டர் போய்விடும். அலை ஓயாதவரை விழுந்தது மீண்டும் எழுந்து பயணத்தைத் தொடரும். கோடையில் தென்மேற்கிலிருந்து சோழகக்காற்று வீசும்போது ஓட்டம் வடக்கே திரும்பினாலும், புயல் கொண்டுபோனது அத்தனையும் திரும்பி வருவதில்லை. கணிசமான பங்கு விரிகுடாவின் ஒதுக்கங்களிலேயே தங்கி, கடலை மெல்ல மெல்லத் தூர்க்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியபோது இதன் மற்றொரு முகம் தெரிந்தது. புயல் நெருங்கும்வரை நிலத்திலிருந்து வீசிய காற்று கடலை உள்வாங்கச் செய்தது. மையம் கடந்ததும் திசை மாறிய காற்று அதே நீரைக் கரைமேல் திருப்பித் தள்ளியது. அந்த நீர் வெறும் நீராக வரவில்லை. வேதாரண்யம் கடற்கரையில் மணல் இருந்த இடத்தில் கருஞ்சேறு படிந்தது. கால் வைத்தால் புதையும், காய்ந்தால் ஓடுபோல் வெடிக்கும் அந்தச் சேற்றைப் பலரும் புயலோடு வந்த அழிவின் ஒரு பகுதியாகவே பார்த்தார்கள். உண்மையில் அது கரைக்கு அப்பால் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த களி. காவிரியின் கிளைகள் ஒருகாலத்தில் கொண்டுவந்து கொட்டியதும் அதில் உண்டு. 1934-இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு ஆற்று வண்டலின் வரத்து குறைந்துவிட்டதால், கடலடியில் இருக்கும் பழைய இருப்பைத்தான் ஒவ்வொரு புயலும் இடம் மாற்றி வைக்கிறது.

காற்றின் வேகத்தை மட்டும் பார்த்து ஒரு புயலை எடை போடக் கூடாது என்று நான் எப்போதும் வற்புறுத்துவேன். 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்து, இராமநாதபுரம் கரையை ஒட்டி மன்னார் வளைகுடாவில் ஏறத்தாழ அசையாமல் நின்றது. செய்தியில் அது ‘வலுவிழந்த புயல்’. ஆனால் அலை எத்தனை மணி நேரம் அடித்தளத்தைக் கிளறுகிறது என்பதே வண்டலுக்குப் பெரிய கணக்கு. விரைந்து கடக்கும் பெரும்புயலுக்கு நிகரான வேலையை, நின்று அடிக்கும் சிறுபுயலும் செய்ய முடியும்.

நான் நேரில் கண்ட ஒரு தவற்றை இங்கே சொல்ல வேண்டும். விரிகுடாவின் வடகரையில் ஒரு படகு இறங்குதளத்துக்கு வழி வெட்ட, சித்திரை மாதத்தில் கடல் கண்ணாடிபோல் இருந்தபோது ஆழம் அளந்தார்கள். அந்த ஒரே அளவீட்டை வைத்துத் தூர்வாரும் ஆழம் முடிவானது. வாடைக்காலத்துக்கும் ஒருமுறை அளந்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்தது கோப்பிலேயே நின்றது. மார்கழியில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கடந்தபின் அந்த வழியில் என் முழங்கால் அளவே நீர் இருந்தது; நாட்டுப்படகுகளை மக்கள் தோளால் தள்ளி வெளியேற்றினார்கள். ஆழமற்ற கடலில் வெட்டும் எந்தப் பள்ளமும் வண்டலுக்குப் பொறிதான். ஓட்டம் பள்ளத்துக்கு மேல் வரும்போது வேகம் குறைந்து, சுமந்து வந்ததை அங்கேயே இறக்கிவிடும். 2005-இல் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டத்தின் 12 மீட்டர் ஆழக் கால்வாய் பற்றி எழுந்த பராமரிப்புக் கேள்வியும் இதுவே. ஆண்டுதோறும் எவ்வளவு தூர்வார வேண்டும் என்பதைப் புயல் நாட்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் விடை கிடைக்காது.

வண்டலை இயல்பாகப் பிடித்து வைப்பவை கடற்புல் வெளிகள். இலைகள் ஓட்டத்தைத் தணிக்கின்றன, வேர்கள் மண்ணைக் கட்டுகின்றன. 2022-இல் அறிவிக்கப்பட்ட 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகம் இந்த வெளிகளை நம்பியே இருக்கிறது. இழுவலை அடியைச் சுரண்டி வேரைப் பெயர்த்த இடத்தில், அடுத்த புயல் எளிதாக மண்ணை எடுக்கும். கலங்கிய நீர் ஒளியை மறைக்க, அருகில் எஞ்சிய புல்லும் நலியும்.

புயலுக்குப் பிறகு சில வாரங்கள் கடலோர ஊர்களில் எச்சரிக்கை தேவை. பழைய வழியை நம்பி முகத்துவாரத்தில் விசைப்படகை ஓட்டாமல், முதலில் ஒரு சிறுபடகில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றோடு சென்று எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) நீர் இருக்கிறது என்று பாருங்கள். கரைக்கு எதிரே புதிதாக முளைத்த மணல் திட்டை அள்ளிச் செல்ல யாரையும் விடாதீர்கள். அது உங்கள் கரையிலிருந்து போன மணல், அலை தணிந்த மாதங்களில் அதன் பெரும்பகுதி கரைக்குத் திரும்பும். அரித்த கரையைப் பார்த்த பதற்றத்தில் அந்த மாதமே கல் கொட்டவோ தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்தடுப்பு) கேட்கவோ வேண்டாம். புரட்டாசியில் ஒருமுறை, தையில் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை ஒரே மரத்திலிருந்து நீர்விளிம்பு வரை நடந்து அளந்து, பஞ்சாயத்துப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். மூன்று ஆண்டுப் பதிவு கையில் இருந்தால், கரை உண்மையாகவே குறைகிறதா, பருவத்துக்குப் பருவம் போய்த் திரும்புகிறதா என்பதைப் பொறியாளரிடம் நீங்களே காட்டலாம்.