கோல்ட் லேமினேஷன் மிஷினில் ஃபிலிம் மக்கர் செய்தால் முதலில் எங்கே பார்ப்பது?

"அண்ணே, பிரஷரை ஃபுல்லா ஏத்திட்டேன், இன்னும் சுருக்கம் விழுது." ஃபிளெக்ஸ், வினைல் கடைகளில் இருந்து எனக்கு வரும் போன்களில் அதிகம் கேட்பது இதுதான். கோல்ட் (cold) லேமினேஷன் என்றால், சூடு இல்லாமல், பசையுள்ள ஃபிலிமை இரண்டு ரப்பர் ரோலருக்கு நடுவே அழுத்தி பிரிண்ட் மேல் ஒட்டுவது. சுருக்கம் ரோலருக்கு அடியில் தெரிகிறது, அதனால் குற்றமும் ரோலர் மேல் விழுகிறது. கைச்சக்கரத்தை இறுக்குகிறார்கள், குறையவில்லை என்றால் இன்னும் இறுக்குகிறார்கள்.

ஆனால் நேரில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஃபிலிம் ரோலரைத் தொடுவதற்கு முன்பே கோணலாகவோ தளர்ந்தோ வந்துகொண்டிருக்கும். ரோலர் செய்வது அந்தக் கோணலை அப்படியே அழுத்தி ஒட்டுவது மட்டும்தான். தளர்ந்து வரும் ஃபிலிமுக்கு பிரஷரை ஏற்றினால், லேசாகத் தட்டிவிட்டால் போகக்கூடிய மடிப்புகூடக் கத்தி போட்டாலும் எடுக்க முடியாததாகிவிடும். ரோலர் ரப்பரும் வீணாகும். அதனால் இந்த மிஷினில் என்ன தொல்லை வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, ரோலருக்கு முன்னால் ஃபிலிம் எப்படி வருகிறது என்பதைத்தான்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. ஃபிலிம் சரியாக வராதபோது, ஓடுகிற மிஷினில் கையை நீட்டி நீவிவிடும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. அதைப் பற்றி பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

சரி, ஃபிலிம் போகும் வழியைப் பார்ப்போம். மேலே சப்ளை ஷாஃப்ட்டில் ஃபிலிம் ரோல். அதன் ஓரத்தில் ஒரு பிரேக், ரோல் தானாக உருண்டு ஓடாமல் பிடித்துக்கொள்ள. அங்கிருந்து இறங்கும் ஃபிலிம் ஒரு கம்பியைச் சுற்றி வரும்போது அதன் பின்பக்கத்துப் பசையை மூடியிருக்கும் லைனர் பேப்பர் பிரிந்து, லைனர் சுற்றும் ஷாஃப்ட்டுக்குப் போகிறது. பசை வெளிப்பட்ட ஃபிலிம் மட்டும் மேல் ரோலரை ஒட்டி இறங்கி, இரண்டு ரோலருக்கும் நடுவே பிரிண்டோடு சேர்கிறது. மாடலுக்கு மாடல் கம்பியின் இடம் மாறும், வேலை ஒன்றுதான். சப்ளை பிரேக், கம்பி, லைனர் ஷாஃப்ட், கடைசியில் ரோலர். தொல்லை வந்தால் இந்த வரிசையிலேயே பாருங்கள். எல்லோரும் தலைகீழாக, ரோலரில் இருந்து தொடங்குகிறார்கள்.

பிரேக்

எனக்கு வரும் புகார்களில் நிறைய இங்கேதான் தீர்ந்துபோகும். பிரேக் தளர்வாக இருந்தால் மிஷின் நின்ற பிறகும் ரோல் கொஞ்சம் சுற்றிவிடும், ஃபிலிம் தொய்யும், அடுத்த ஓட்டத்தில் அந்தத் தொய்வு மடிப்பாக உள்ளே போகும். இறுக்கமாக இருந்தால் அது வேறு விதமான தொல்லை. பி.வி.சி. ஃபிலிம் மெல்லியது, இழுத்தால் நீளும். நீண்ட நிலையில் ஒட்டிவிட்டால், வெளியே வந்த பிறகு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். பிரிண்ட் மேல்பக்கமாகச் சுருண்டுகொள்ளும், போர்டில் ஒட்டிய வினைலின் ஓரம் கிளம்பும். பார்ட்டி "பசை சரியில்லை" என்று திட்டுவார். பசையில் குறையே இருக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காலையில் சரியாக வைத்த பிரேக் சாயங்காலம் சரியாக இருக்காது. பிரேக் பிடிக்கும் வலு மாறாது, ஆனால் ரோல் தேயத் தேய அதன் ஆரம் குறைகிறது. ஆரம் குறைந்தால் அதே பிரேக்குக்கு ஃபிலிமில் விழும் இழுப்பு கூடும். கணக்கு போட்டுப் பாருங்கள். ஃபிலிமும் லைனரும் சேர்த்து 0.2 மில்லிமீட்டர் கனம் என்றால், 3 இஞ்ச் உள்விட்டமுள்ள அட்டைக் கோரில் (நடுக் குழாயில்) சுற்றிய 50 மீட்டர் ரோல் புதிதாக இருக்கும்போது சுமார் 140 மில்லிமீட்டர் விட்டம் வரும். தீரும்போது மிஞ்சும் கோரின் வெளிவிட்டம் 85 மில்லிமீட்டருக்குப் பக்கம். அதாவது ரோல் முடியும் நேரத்தில் இழுப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் ஏறியிருக்கும். "ரோல் கடைசியில் மட்டும் சுருளுது" என்று சொல்பவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள். பாதி ரோல் ஆனதும் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், கால் ரோல் மிச்சம் இருக்கும்போது இன்னும் கொஞ்சம்.

எவ்வளவு என்று அளக்கக் கருவி தேவையில்லை. மிஷினை நிறுத்திவிட்டு, சப்ளை ரோலுக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள ஃபிலிமை விரல் நுனியால் தட்டிப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் நடுவிலும் ஒரே மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும், மேளத் தோல் மாதிரி இறுகக் கூடாது. மிஷின் நிற்கும்போது ரோலும் உடனே நிற்கிற அளவு பிரேக் போதும், அதற்கு மேல் வேண்டாம். தட்டும்போது ஒரு ஓரம் மட்டும் தொய்ந்திருந்தால் பிரேக்கில் கோளாறில்லை. ரோல் ஷாஃப்ட்டில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது அட்டைக் கோர் நசுங்கியிருக்கிறது. கோரைப் பிடிக்கும் லாக் தளர்ந்திருந்தால் ஷாஃப்ட் நிற்கும், கோர் மட்டும் வழுக்கும். அப்போது ஃபிலிம் வெட்டி வெட்டி வரும். பென்சிலால் கோரிலும் ஷாஃப்ட்டிலும் நேராக ஒரு கோடு போட்டுவிட்டு ஒரு மீட்டர் ஓட்டுங்கள். கோடு விலகினால் லாக்தான்.

லைனர்

இதை யாரும் கவனிப்பதில்லை, கழிவுப் பேப்பர்தானே என்று விட்டுவிடுகிறார்கள். லைனர் தளர்ந்து தொங்கினால் ரோலர் அதையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அது கண்ணுக்குத் தெரியும், உடனே புரியும். லைனர் அதிகமாக இழுத்தால்தான் யாருக்கும் புரிவதில்லை. லைனர் ஷாஃப்ட் வலுவாக இழுக்கும்போது அது ஃபிலிம் ரோலையும் சேர்த்துச் சுற்றிவிடுகிறது. ரோலருக்குத் தேவையானதைவிட அதிக ஃபிலிம் இறங்கி, கம்பிக்குக் கீழே அலை அலையாக நிற்கும். அந்த அலையைப் பார்த்து பிரேக்கை இறுக்குகிறார்கள், பிரேக்கும் லைனர் கிளட்சும் (லைனர் ஷாஃப்ட்டின் இழுப்பைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், நடுவில் ஃபிலிம் நீளும். லைனர் கிளட்சை ஒருமுறை தளர்த்திப் பார்த்திருந்தால் போதும்.

லைனர் சுற்றச் சுற்ற அந்தப் பக்கத்து ரோல் பருமனாகும், அதன் இழுப்பு குறையும். சப்ளைப் பக்கம் நடப்பதற்கு நேர் எதிர். ஆகவே ஒரு ரோல் முடிவதற்குள் பிரேக்கைத் தளர்த்தவும் வேண்டியிருக்கும், லைனர் கிளட்சைக் கொஞ்சம் ஏற்றவும் வேண்டியிருக்கும். தொடக்கத்தில் லைனரைக் கோரில் ஒட்டும்போது நடுவில் ஒரு டேப், இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு டேப், நேராக ஒட்டுங்கள். கோணலாக ஒட்டினால் கம்பிக்கு வரும் இடத்திலேயே ஃபிலிமை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

இனி ரோலர்

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் சுருக்கம் சாய்வாக, ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் நோக்கி ஓடினால் அப்போது இரண்டு பக்கத்துப் பிரஷரும் சமமா என்று பாருங்கள். ஸ்கேலில் இரண்டு பக்கமும் ஒரே எண் காட்டினால் சமம் என்று நம்பிவிடாதீர்கள். ஏ4 தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு மூன்று துண்டு வெட்டி, இடது, நடு, வலது என்று ரோலர்களுக்கு நடுவே வைத்து, மிஷின் ஓடாத நிலையில் லேசாக இறக்குங்கள். ஒவ்வொன்றையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கி வந்து, மறுபக்கம் கிழிகிற அளவு பிடித்தால் உங்கள் பதில் கிடைத்துவிட்டது. ஓரம் இரண்டும் பிடித்து நடு மட்டும் வழுக்கினால் ரோலர் அதிக பிரஷரில் வளைந்திருக்கலாம், அல்லது நடுவில் ரப்பர் தேய்ந்திருக்கலாம்.

ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்பக் கோடோ புள்ளியோ விழுந்தால் ஒரு டேப்பை எடுத்து அந்த இடைவெளியை அளந்துவிடுங்கள். 120 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரோலருக்குச் சுற்றளவு சுமார் 377 மில்லிமீட்டர். இடைவெளியும் அதுவாக இருந்தால் குறை ரோலரில்தான்: பசைக் கட்டி, பிளேடு வெட்டு, அல்லது தட்டையான இடம். இரவு மிஷினை மூடும்போது மேல் ரோலரைத் தூக்கி வைக்காமல் போனால் இந்தத் தட்டை விழும். அமுங்கிய ரப்பர் நாளடைவில் எழும்பாது. தினமும் கடை சாத்தும் ஆளிடம் இந்த ஒரு வேலையை ஒப்படையுங்கள், ரோலர் மாற்றும் செலவு பல வருடம் தள்ளிப்போகும். இடைவெளி ரோலர் கணக்குக்கு ஒத்துவராமல், ரோல் தேயத் தேய சுருங்கிக்கொண்டே போனால் குறை ஃபிலிம் ரோலில் இருக்கிறது. தரையில் படுக்க வைத்த ரோல்களில் இது சகஜம். ரோலை நிமிர்த்தி வையுங்கள், அல்லது கோரில் கம்பி நுழைத்துத் தொங்கவிடுங்கள்.

ஃபிலிம் ரோலரில் சுற்றிக்கொண்டால்? உடனே நிறுத்தி, மேல் ரோலரைத் தூக்கி, கையால் பின்னோக்கிச் சுற்றி எடுக்க வேண்டும். பிளேடால் ரோலர் மேல் கீறுவது கூடவே கூடாது, அந்தக் கீறல் அடுத்த எல்லா வேலையிலும் கோடாக விழும். மிச்சப் பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுத் துணியால் துடையுங்கள். பக்கத்தில் நெருப்போ பீடியோ இருக்கக் கூடாது. தின்னரும் பெட்ரோலும் ரப்பரைக் கெடுக்கும். சுற்றிக்கொள்வதற்கு முக்கியக் காரணம் இரண்டு. ஒன்று, ரோலை மாற்றி மாட்டி பசைப் பக்கம் மேல் ரோலரைப் பார்த்திருப்பது. இன்னொன்று, ஃபிலிம் பிரிண்டைவிட அகலமாக இருந்து, ஓரத்துப் பசை கீழ் ரோலரைத் தொடுவது. அகலம் ஒத்துவராவிட்டால் பிரிண்டுக்கு அடியில் பழைய லைனரைப் பசை பிடிக்காத வழவழப்பான பக்கம் மேலே வரும்படி விரித்து ஓட்டுங்கள்.

ஃபிலிம் சரியாக ஓடியும் பிரிண்டுக்கு மேல் வெள்ளி நிறத்தில் பொடிப் பொடிக் குமிழ் தெரிந்தால் மை காயவில்லையா என்று பாருங்கள். சால்வென்ட், ஈகோ சால்வென்ட் பிரிண்டை ஒரு நாளாவது விரித்து உலரவிட வேண்டும். சுற்றி வைத்த ரோல் உள்ளே உலராது. தகரக் கூரைக்கு அடியில் சித்திரை வெயிலில் கிடந்த ஃபிலிமில் பசை இளகி ஓரத்தில் கசியும், ஐப்பசி மழையில் லைனர் ஈரம் குடித்து நெளியும். இரண்டுக்கும் மருந்து, ரோலைப் பிளாஸ்டிக் உறையோடு ஏ.சி. அறையில் வைப்பதுதான்.

கை

இந்த மிஷினில் ஹீட்டர் இல்லை, வேகமும் குறைவு. அதனால் ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். இரண்டு ரோலர் உள்நோக்கிச் சுற்றும் இடத்தில் எவ்வளவு மெதுவாக ஓடினாலும் விரல் போனால் தானாக வெளியே வராது. ரப்பருக்கு நல்ல பிடிமானம், மோட்டார் செயின் இழுத்துக்கொண்டே இருக்கும். மடிப்பு உள்ளே போகப் போகிறது என்று தெரிந்த நொடியில் கை தானாக நீளும். அந்த நொடியில்தான் விபத்து நடக்கிறது. மடிப்பு போனால் போகட்டும், ஒரு மீட்டர் வினைல்தான் நஷ்டம். கால் பெடலை விடுங்கள், அப்புறம் கை வையுங்கள்.

ரோலர் முன்னால் கை வந்தால் மிஷினை நிறுத்தும் சென்சார் கண்ணின் மேல் டேப் ஒட்டி வைத்திருக்கும் கடைகளைப் பார்க்கிறேன். அடிக்கடி நிற்கிறதாம். கண்ணாடியில் தூசி இருந்தால் அப்படித்தான் நிற்கும், துணியால் துடைத்தால் சரியாகிவிடும். முதலாளிகளிடம் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து அந்த டேப்பை இன்றே எடுத்துவிடுங்கள். இரண்டு பேர் வேலை செய்யும்போது பெடல் ஒருவர் காலிலும், ரோலர் அருகே கை இன்னொருவருடையதுமாக இருக்கக் கூடாது. ஷீட் விடுகிறவரே பெடலை மிதிக்க வேண்டும். துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொள்ளச் சொல்லுங்கள். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு, வளையல், மோதிரம், தளர்ந்த சட்டைக் கை எல்லாம் மிஷினுக்கு முன்னால் வேண்டாம்.

யாருக்காவது விரல் சிக்கிவிட்டால் இழுக்காதீர்கள். சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அழுத்தி, மேல் ரோலரைத் தூக்கி, பிறகு கையை எடுங்கள். இரத்தம் வராவிட்டாலும், "வலி இல்லை" என்று அவரே சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நசுங்கிய காயம் உள்ளுக்குள் வீங்கும், வெளியே தெரிய நேரமாகும். மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். வேலைக்குச் சேரும் ஒவ்வொரு தம்பிக்கும் தங்கைக்கும் முதல் நாளே அந்தப் பட்டனை ஒருமுறை அழுத்தவிட்டுக் காட்டுங்கள். அது வேலை செய்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இவ்வளவும் பார்த்தும் சரியாகவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது சுருக்கம் நேரா, சாய்வா, எந்த ஓரத்தில் தொடங்குகிறது, தாள் துண்டில் எந்தப் பக்கம் வழுக்கியது, கோடு விழும் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர், ரோல் புதிதா கடைசியா என்று சொல்லுங்கள். கெட்டுப்போன ஷீட்டைத் தூக்கிப்போடாமல் எந்த முனை முதலில் உள்ளே போனது என்று மார்க்கரில் அம்புக்குறி போட்டு வையுங்கள். பேரிங் எடுத்துவர வேண்டுமா, கிளட்ச் வாஷர் போதுமா என்று கிளம்பும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும்.