மணலுக்குள் போன பிளாஸ்டிக் மணிகள்

எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்தது 2021 மே 20ஆம் திகதி. ஜூன் தொடக்கத்தில் கப்பல் கடலடியில் அமர்ந்தது. அதற்குப் பிறகு கடற்படை, தொண்டர்கள், கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபையின் ஆட்கள் என்று எத்தனையோ பேர் கரையில் குனிந்து நின்று, கப்பலிலிருந்து கொட்டி ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகளை அள்ளினார்கள். அப்படியும் நீர்கொழும்புப் பக்கம் சரக்குவக் கரையில் வெள்ளை மணிகள் திரும்பத் திரும்ப வெளியே வந்தன. அள்ளியவர்கள் குறை வைத்ததால் வந்த வினை என்று நினைக்க வேண்டாம். அந்த மணியின் அளவும், நம் கடற்கரை ஆண்டுதோறும் நடந்துகொள்ளும் விதமும் சேர்ந்து செய்கிற வேலை இது.

நர்டில் எனப்படும் இந்த மணிதான் பிளாஸ்டிக்கின் மூலப்பொருள். போத்தல், வாளி, பொலித்தீன் பை எல்லாம் இதை உருக்கிச் செய்பவைதான். மைசூர்ப் பருப்பு அளவு இருக்கும். பெரும்பாலும் 5 மில்லிமீற்றரைத் தாண்டாது. ஒரு மணியின் எடை ஏறத்தாழ 20 முதல் 25 மில்லிகிராம். அப்படியானால் ஒரு தொன்னில் 4 கோடி முதல் 5 கோடி மணிகள். அந்தக் கப்பலின் 1,486 கொள்கலன்களில் இருந்த நர்டில் மட்டும் சுமார் 1,680 தொன். கணக்கைப் பெருக்கிப் பார்த்தால் பல ஆயிரம் கோடி வருகிறது.

ஒரு லீற்றர் கடல்நீரின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். அதே கொள்ளளவு பொலித்தீன் 920 முதல் 960 கிராம்தான் இருக்கும். எனவே மணி மிதக்கும். மேற்பரப்பிலேயே கிடப்பதால் காற்றும் அலையும் அதை எளிதாகத் தள்ளிக்கொண்டு போகின்றன. விபத்து நடந்தது மே மாதம். தென்மேற்குப் பருவக்காற்று, கடற்றொழிலாளர் சொல்லும் சோளகம், கரையைப் பார்த்து வீசத் தொடங்கும் காலம். ஒரு வாரத்துக்குள் கரை வெள்ளையாகிவிட்டது.

கரைக்கு வந்ததும் கதை மாறுகிறது. அலை ஏறும்போது தண்ணீர் மணிகளையும் மணலையும் சேர்த்தே மேலே தூக்கிவருகிறது. திரும்பும்போது தண்ணீரில் ஒரு பகுதி மணலுக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். மிச்சத்துக்கு எல்லாவற்றையும் இழுத்துச் செல்லும் பலம் இருக்காது. மணி மேட்டில் தங்கிவிடும். அடுத்த அலை கொண்டுவரும் மணல் அதன்மேல் படியும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெரிய அலைகள் கரையை அரித்து மணலைக் கடலுக்குள் எடுத்துப் போகும். டிசம்பருக்குப் பின் அமைதியான அலைகள் அதே மணலைக் கொண்டுவந்து நிரப்பும். நம் மேற்குக் கரை ஆண்டுதோறும் இப்படி மெலிந்து தடிக்கிறது. அமைதியான மாதங்களில் புதைந்த மணி, அடுத்த பருவக்காற்றில் கரை மெலியும்போது வெளியே வரும். மேலே தெரிவதை முழுவதும் அள்ளினாலும், கீழே அடுக்கடுக்காகக் கிடப்பது தன் முறை வரும்வரை அங்கேயே கிடக்கும்.

பிரித்தெடுக்கும் வழி ஒன்றும் கடினமில்லை. சல்லடையில் அரிக்கலாம். இல்லாவிட்டால் ஒரு வாளி கடல்நீரில் மணலைக் கொட்டிக் கலக்கினால் மணல் அடியில் போகும், மணி மேலே மிதக்கும். சிக்கல் எங்கே என்றால், சின்ன மரத்துண்டு, காய்ந்த பாசி, சிறு சிப்பி எல்லாம் கூடவே வரும். அவற்றை நம்பித்தான் மணலில் நண்டும் பூச்சியும் வாழ்கின்றன. இயந்திரம் போட்டு ஆழமாகத் தோண்டினால் பிளாஸ்டிக் போகும், கரையின் உயிரும் போகும். எவ்வளவு ஆழம் வரை தோண்டுவது என்பது அதனால் உண்மையிலேயே கடினமான முடிவு.

எரிந்த துண்டுகள் இன்னும் மோசம். தீயில் உருகிக் கருத்த பிளாஸ்டிக் எளிதில் நொறுங்கும். நொறுங்கியது கண்ணுக்கே தெரியாது. எரியும்போது உண்டான நச்சு ஐதரோகாபன்களும் அதில் ஒட்டியிருக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். வெள்ளை மணியும் சாது இல்லை. தண்ணீரில் கரைய மறுக்கும் பூச்சிகொல்லி எச்சங்கள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். இதைப் பயன்படுத்தியே ஜப்பானிய ஆய்வாளர்கள் உலகெங்குமிருந்து கரையொதுங்கிய மணிகளை வரவழைத்து, எந்தக் கடலில் என்ன நச்சு இருக்கிறது என்று அளக்கிறார்கள்.

சரி, வழி என்ன? கால்வாய் வாயில் மிதவைத் தடுப்புப் போட்டால் போத்தல் மாட்டும். தெஹிவளைக் கால்வாயிலும் களனி கங்கை கடலில் சேரும் மட்டக்குளியிலும் வந்து குவியும் குப்பைக்கு அது பயன் தரும் வேலை. சின்னப் பொருளுக்கு அது உதவாது. உணவு, மருந்து தவிர்ந்த, 20 மில்லிலீற்றர் வரையிலான சாஷே பைக்கற்றுகளை இலங்கை 2021 மார்ச் 31இலிருந்து தடைசெய்ததை நான் முழு மனதோடு ஆதரிப்பது அதனால்தான். ஷாம்பூ பைக்கற்று கைவிட்டுப் போனால் அதைத் திரும்பப் பிடிக்க எந்த வலையும் இல்லை. கடை மேசையிலேயே நிறுத்தினால்தான் உண்டு.

நர்டிலுக்கு அந்தக் கடை மேசை கப்பல்தான். அதே கப்பலில் இருந்த 25 தொன் நைத்திரிக் அமிலம் ஆபத்தான சரக்காகப் பதிவாகி, அதற்குரிய விதிகளோடு பயணித்தது. நர்டில் சாதாரணச் சரக்காகவே ஏறியது, ஏனென்றால் அது வெடிக்காது, அரிக்காது, தானாகத் தீப்பற்றாது. கடலில் கொட்டினால் திரும்ப எடுக்க முடியாது என்ற ஆபத்துக்கு அந்த விதிகளில் இடம் இருக்கவில்லை. 2024இல் சர்வதேச கடல்சார் அமைப்பு சில பரிந்துரைகளை ஏற்றுக்கொண்டது: கிழியாத உறுதியான பொதி, உள்ளே நர்டில் இருப்பதைச் சரக்குப் பத்திரத்தில் தெளிவாகச் சொல்வது, முடிந்தவரை கொள்கலனை மேல்தளத்துக்குக் கீழே வைப்பது. மேல்தளத்தில் அடுக்கிய பெட்டிதான் புயலில் கடலுக்குள் விழும் என்பதால் கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். ஆனால் இவை இன்னும் பரிந்துரைகள் மட்டுமே. பின்பற்றாத கப்பலை இவற்றைக் காட்டி நிறுத்த முடியாது. கொள்கலன்கள் கப்பல் மாறிச் செல்லும் பெரிய துறைமுகம் கொழும்பு. இவற்றைக் கட்டாய விதியாக்கு என்று கேட்பதற்கு இந்தக் கரையைவிடக் கூடுதல் உரிமை உள்ள கரை எதுவும் எனக்குத் தெரியவில்லை.