கேதார்நாத் போகுமுன்: ஆக்சிஜன் குறைந்தால் இதயக் குழாய்கள் என்ன செய்யும்?

ஓய்வில் இருக்கும்போது உடல் முழுவதுமாகச் சேர்ந்து ரத்தத்தில் வரும் ஆக்சிஜனில் கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. இதயத் தசை மட்டும் ஏறக்குறைய 70 சதவீதத்தை அப்போதே உறிஞ்சிவிடுகிறது. அதனால் ஆக்சிஜன் குறையும்போது அதற்குப் பெரும்பாலும் ஒரே வழிதான்: கூடுதல் ரத்தத்தை வரவழைப்பது.

அந்த வேலையைச் செய்பவை ஆஞ்சியோகிராமில் தெரியும் பெரிய குழாய்கள் அல்ல, தசைக்குள் ஓடும் நுண்தமனிகள். ஆக்சிஜன் குறைந்ததும் தசைச் செல்களிலிருந்து அடினோசின் என்ற வேதிப்பொருள் வெளியேறுகிறது. குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. சுவர் தளர்ந்து குழாய் விரிகிறது. ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 250 மி.லி. பாயும் ரத்தம், நல்ல இதயத்தில் தேவைப்பட்டால் நான்கு மடங்கு வரை உயரும். நுரையீரல் குழாய்கள் நேர்மாறு; ஆக்சிஜன் குறைந்தால் அவை சுருங்கும்.

பெரிய குழாயில் 70 சதவீத அடைப்பு உள்ளவருக்கு, அதை ஈடுகட்ட நுண்தமனிகள் ஏற்கெனவே விரிந்து நிற்கின்றன. அதனால்தான் ஊரில் இருக்கும்வரை பலருக்கு ஒரு தொந்தரவும் தெரிவதில்லை. மேலே போனால் இன்னும் விரிய இடம் மிகக் குறைவு. போதாததற்கு, இதயத்தின் இடப்பக்கத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இரு துடிப்புகளுக்கு இடையில்தான் பாய்கிறது. மூச்சு வாங்கித் துடிப்பு ஏற ஏற அந்த இடைவெளி குறைகிறது. முதலில் அடிபடுவது தசையின் உள்ளடுக்கு.

கேதார்நாத் சுமார் 3,580 மீட்டர் உயரம். அங்கே கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கே. நடக்க வேண்டியதில்லை என்று ஹெலிகாப்டரில் போகிறவர்களுக்கும் இந்தக் குறைவு உண்டு, அதுவும் சில நிமிடங்களில். உடல் பழக நேரமே இல்லை. குளிரும் சேர்ந்து குழாய்களைச் சுருக்கும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப் பழக்கம், முன்பே ஸ்டென்ட் என்று ஏதேனும் இருந்தால், பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே இதய மருத்துவரைப் பார்த்து, தேவையென்றால் டிரெட்மில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபினையும் பாருங்கள், ரத்தசோகை இருந்தால் தட்டுப்பாடு இன்னும் கூடும். வழக்கமான மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை மட்டும் நம்புவது ஆபத்து. விரல் சில்லிட்டிருந்தால் அது தவறாகக் காட்டும். சரியாகக் காட்டினாலும் அது ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைச் சொல்லுமே தவிர, அடைப்பைத் தாண்டி எவ்வளவு ரத்தம் போகிறது என்பதைச் சொல்லாது. நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான வியர்வை வந்தால் எண் எதுவானாலும் அங்கேயே உட்காருங்கள். ஓர் அடிகூட ஏறாதீர்கள். அருகிலுள்ள மருத்துவ முகாமில் ஈசிஜி எடுத்து, ஆக்சிஜன் பெற்று, நடக்காமல் கீழே இறக்கச் சொல்லுங்கள். நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை மருத்துவர் முன்பே எழுதிக்கொடுத்தவர்களுக்கு மட்டும். சில்டெனாஃபில் (ஆண்மைக் குறைவுக்குத் தரப்படும் மாத்திரை) சாப்பிட்டவர் அதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் அபாயகரமாக விழும்.