அர்ரே: அணியா, வரிசையா?

ஹாஸ்கெல் என்ற நிரல்மொழி பற்றிய தமிழ்ப் பாடக்குறிப்பு ஒன்றில் போன வாரம் படித்த வரி: “பெரிய தரவுக்கு வரிசையைவிட வரிசையே வேகமானது.” நினைவகத்தில் தரவை அடுத்தடுத்து அடுக்குகிற அர்ரேவும் (array) வரிசை, ஒன்று அடுத்ததைக் காட்டும்படி கோக்கிற லிஸ்டும் (list) வரிசை. மொழிபெயர்த்தவருக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டாமா?

அர்ரே, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். ஒழுங்குபடுத்துவது என்று பொருள். படையை நிறுத்துவதற்கும் அலங்கரித்துக்கொள்வதற்கும் அதே சொல்தான். தமிழிலும் படை வகுப்பு அணி, நகையும் அணி. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

“வரிசைதான் எல்லாருக்கும் புரியும்” என்பார்கள். புரியும், ரேஷன் கடை வரிசையாகப் புரியும். அது க்யூ. அதில் முன்னால் நிற்பவர்தான் முதலில் நகர முடியும். அர்ரேயின் பெருமையே நடுவில் நிற்பவரை நேராகக் கூப்பிடுவதில் இருக்கிறது. எட்டு பைட் எண்கள் தோளோடு தோள் நின்றால், பூஜ்யத்தில் தொடங்கும் இட எண்ணை எட்டால் பெருக்கித் தொடக்க முகவரியோடு கூட்டினால் ஆள் அகப்பட்டுவிடுவார். இன்றைய பெரும்பாலான கணினிகளில் கேஷ் (cache) எனும் செயலியின் பக்கத்துச் சிறு வேக நினைவகத்துக்கு ஒரு தடவையில் 64 பைட் வரும். எட்டு எண்களும் சேர்ந்தே வந்துவிடும்.

லிஸ்டைப் பட்டியல் என்பதும் எனக்கு உறுத்தல்தான். மளிகைப் பட்டியல் ஒரே தாளில் இருக்கும். இதுவோ ஒவ்வொரு சாமானையும் தனிச்சீட்டில் எழுதி, “அடுத்த சீட்டு அரிசி டின்னுக்கு அடியில்” என்று குறித்து வைத்த மாதிரி. 64-பிட் கணினியில் ஹாஸ்கெல் லிஸ்டின் ஒரு கண்ணிக்கு, அதாவது ஒரு சீட்டுக்கு, 24 பைட், அது காட்டும் முழு எண்ணுக்குப் பொதுவாக இன்னொரு 16. ஆயிரமாவது எண்ணுக்குப் போக 999 தாவல்கள்.

அதற்காக அதை மட்டம் தட்டவில்லை. 1958-இல் லிஸ்ப் என்ற நிரல்மொழி தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கண்ணிகள்தான் செயல்சார் நிரலாக்கத்தின் (functional programming) சோறு. முன்னால் ஒன்று சேர்க்க ஒரே கண்ணி போதும், பழைய தொடர் அப்படியே பகிரப்படும். ஒருமுறை செய்தபின் மாற்ற முடியாத அணியில் ஒன்று சேர்க்க, சாதாரணமாக முழுவதையும் நகலெடுக்க வேண்டும்.

சரி, லிஸ்டுக்கு என்ன சொல்? சரம் அழகு, ஆனால் அதை எழுத்துகளின் தொடரான ஸ்ட்ரிங்குக்குக் கொடுத்தாயிற்று. தொடுப்பு என்றால் ஊரில் வேறு அர்த்தம். என் ஓட்டு கண்ணித்தொடருக்கு. அகராதியை மட்டும் திறந்து நினைவகத்தை எட்டிப் பார்க்காத மொழிபெயர்ப்பாளருக்கு இதெல்லாம் வீண் வம்பாகத் தெரியும்.

“கண்ணித்தொடரைவிட அணி வேகமானது” என்று திருத்தி அனுப்பினேன். “அணி என்றால் கட்சி அணி என்று நினைத்துவிடுவார்களே” என்று பதில் வந்தது.