டிப்ரஷன்: ‘மன அழுத்தம்’ என்பது பிழை

இலங்கை மலையகத்துக் கிளினிக்குகளில் கையில் கொடுக்கும் துண்டுப்பிரசுரங்களில் டிப்ரஷன் இன்னமும் ‘மன அழுத்தம்’ என்றே வருகிறது. சரியான சொல் மனச்சோர்வு நோய்.

லத்தீனில் ‘டிப்ரிமெரே’ என்றால் கீழே அமுக்குதல். அப்படியானால் அழுத்தம் என்பதில் என்ன குற்றம் என்பார்கள். வேரைப் பெயர்த்தால் பொருள் வந்துவிடாது. இதே ஆங்கிலச் சொல்லை வானிலை அறிக்கையில் ‘தாழமுக்கம்’ என்கிறோம். மனதுக்கும் அதையே எழுதுவோமா? மன அழுத்தம் ஏற்கெனவே ஸ்ட்ரெஸ்ஸுக்கு உரிய சொல். சிங்களத்தில் டிப்ரஷன் ‘விஷாதய’, ஸ்ட்ரெஸ் ‘ஆததிய’. பக்கத்து மொழி பிரித்து வைத்திருப்பதைத் தமிழில் மட்டும் ஏன் குழப்ப வேண்டும்? மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியை மூடிவிட்டு நோயாளியின் வாயைக் கவனிக்க வேண்டும்.

கொழுந்து பறிப்பவரிடம் ‘மன அழுத்தம் இருக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள். “கிலோ கொறஞ்சா அரைப் பேரு போடுறாங்க, அழுத்தம் இல்லாம இருக்குமா?” என்பார். (அரைப் பேர் என்றால் அரைநாள் சம்பளம்.) அது வாழ்க்கைச் சுமை. மனச்சோர்வு நோய்க்குக் கொடுக்கும் ஃபுளுவொக்செட்டீன் மாத்திரை அதற்கு மருந்தல்ல. மறுபக்கம், உண்மையில் நோயுள்ளவர் கடன் தீர்ந்ததும் ‘அழுத்தம்’ போய்விட்டதென்று மாத்திரையை நிறுத்துகிறார். அந்த மாத்திரை வேலைசெய்யத் தொடங்கவே 2 முதல் 4 கிழமை ஆகும். குணமான பின்னும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். இடையில் விட்டால் நோய் திரும்பலாம்.

நோயின் வரைவிலக்கணமே நகரும்போது சொல்லாவது நிலையாக நிற்க வேண்டும். 2022 முதல் நடைமுறையிலுள்ள, உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 இன்படி 10 குணங்குறிகளில் 5, அநேகமாகத் தினமும், நாளின் பெரும்பகுதி, 2 கிழமைக்கு இருக்க வேண்டும்; வாடிய மனநிலை அல்லது நாட்டமின்மை அவற்றில் ஒன்றாக இருப்பது கட்டாயம். இழவு விடயத்தில்தான் சிக்கல். அமெரிக்க மனநோய்க் கையேடான டிஎஸ்எம், உறவை இழந்தவருக்கு முதல் 2 மாதம் பொதுவாக இந்த நோயைச் சொல்லாமல் விலக்கி வைத்திருந்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்த விலக்கை நீக்கியது. 14 நாள் கணக்கென்றால், 16ஆம் நாள் கருமாதிக்கு முன்பே ஒரு விதவைக்கு நோய்ப்பெயர் விழலாம். ஐசிடி-11 இழவுக்குப் பின் ஒரு மாதமோ அதற்கு மேலோ குணங்குறிகள் விடாமல் நீடிக்கின்றனவா என்று பார்க்கச் சொல்கிறது, அதுவே நியாயம்.

‘மனச்சோர்வு’ என்ற சொல்லிலும் குறை உண்டு. வெறும் ‘சோர்வு’ என்றால் உடல் அசதியென்று எடுத்து இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். ஆகவே ‘நோய்’ என்பதை விடாமல் சேர்த்தே எழுதுங்கள். வாயால் கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: “முந்தி ஆசையாச் செஞ்சதுல இப்ப நாட்டம் இருக்காம்மா? எத்தன கெழமையா இப்புடி?”